மாத்து வரும் வரை

அவரிடம் எதையும் பார்த்துக்கொள்ளும்படி சொல்லக் கூடாது. எங்கள் சேரியில் எல்லாருக்கும் இது தெரியும். சைக்கிளைச் சாத்திவிட்டு, "கொஞ்சம் பாத்துக்க அண்ணாத்த" என்று சொன்னவன் மறந்துபோய் வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டால், சைக்கிளோடு அவரும் மழையில் நனைந்துகொண்டு நிற்பார். பையன்கள் இதையே விளையாட்டாக்கினார்கள். ஒரு கல்லைக் காட்டி, "இத்த பாத்துக்க, தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். அவருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். ஆனாலும் நிற்பார். யாராவது பெரியவர்கள் பார்த்துப் பரிதாபப்பட்டு, "போ, நான் பாத்துக்கறேன்" என்றால்தான் நகர்வார்.

அப்படி வருகிறவரை அவர் 'மாத்து' என்பார். மாற்று ஆள். பட்டாளத்தில் ஒருவன் காவல் நிற்கும் இடத்துக்கு அடுத்தவன் வந்து நின்ற பிறகுதான் முதல் ஆள் காலெடுத்து வைக்கலாமாம். மாத்து வந்ததும், தான் காத்த பொருளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைப்பார். கடைசியில், "சப் டீக்" என்பார். எல்லாம் சரி என்பதற்கு அவர் பட்டாளத்தில் கற்றுவந்த இந்துஸ்தானி அது.

திருக்கழுக்குன்றத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும் ஒரு அம்மாள், பஸ் நிற்குமிடத்தில் கூடையை அவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, இடம் பிடிக்க பஸ்ஸுக்குள் ஏறினாள். பஸ் அவளோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. அங்கே மகள் வீட்டில் ஒரு பிரசவம். கூடையை மறந்தே போனாள். மறுநாள் மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரே அந்த இடத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இவர் நின்றார்.

"கூடை ஒண்ணு. மீனு பதினேழு இருந்துச்சு, இப்போ பதினாறு. ஒண்ண பூனை தூக்கினு பூட்ச்சு. கூடைய வுட்டுட்டு ஓட முடியல. சப் டீக்."

"அடப் பாவி மனுசா! நாறிப்போன மீனுக்கா ராப்பகலா நின்னுகினு கீற? கொட்டிட்டுப் போவக் கூடாது?"

"நீ கொட்டச் சொல்லலியே."

அந்த அம்மாள் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சொல்லி முடிக்கும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிடும். "அந்த ஆளு கண்ணப் பாத்தா பயமா இருந்துச்சு தாயி. மீனைப் பாக்கல. வேற இன்னாத்தையோ பாத்துகினு இருந்தாரு" என்பாள்.

அவருடைய தொழில் சுண்ணாம்பு அடிப்பது. வீடுகளுக்கு வெள்ளை, பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வண்ணம், எலெக்ஷன் வந்தபோது சுவரில் சின்னம், குப்பத்துப் படகுகளுக்குப் பெயர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படகின் பெயரை நான் கரியால் எழுதிக் கொடுப்பேன். அதன் மேல் கொஞ்சமும் பிசகாமல் வண்ணம் ஏற்றுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் எழுத்து கடலில் போகிறது என்று அப்போது எனக்கு இருந்த கர்வத்தை இன்றைக்கு நினைத்தாலும் நான் வெட்கப்படவில்லை.

ஆனால் அவர் முன்னால் எதையும் வாய்விட்டுப் படிக்க முடியாது. தபால்காரர் வந்து யார் வீட்டுக் கடிதத்தையாவது பிரித்தால், இவர் தோளிலிருக்கும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். நான் வாசலில் உட்கார்ந்து பாடத்தைப் படிக்க ஆரம்பித்தால் போதும், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார். போகிறவர் வீட்டுக்கும் போவதில்லை. எங்கள் குரல் எட்டாத தூரத்தில், புளிய மரத்தடியில் போய் நிற்பார். சேரியே என் படிப்பை மெச்சியபோது மெச்சாத ஒரே ஆள் அவர். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்படி சொல் கொண்டுவந்தவரே அவர்தான்.

அந்தக் கதை இது. என் நைனாவும் அவரும் ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர்கள். உலகச் சண்டை நடக்கும்போதே நைனாவைப் பற்றி சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. 'காணவில்லை' என்று அதில் இருந்ததாக போஸ்ட் மாஸ்டர் படித்துச் சொன்னார். இறந்தார் என்று இல்லை. சண்டை முடிந்து மறுவருஷம் இவர் மட்டும் வந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. காக்கி அரைக்கால் சட்டையோடு எங்கள் குடிசை வாசலில் நின்று, உள்ளே வராமலே அம்மாவிடம் இரண்டு வாக்கியம் சொன்னார்.

"நான் கடைசியா பாத்தப்போ நின்னுகினுதான் இருந்தான். புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொன்னான்."

அந்த இரண்டு வாக்கியங்களின் மேல்தான் எங்கள் வீடு நின்றது. முதல் வாக்கியத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். அவள் நெற்றிக் குங்குமமும் கழுத்துத் தாலியும் அப்படியே இருந்தன. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் கூப்பிட்டு ஆரத்தி எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியத்தை நான் எடுத்துக்கொண்டேன். மறுநாளே, சேரிப் பிள்ளைகளுக்காக சர்க்கார் நடத்திய லேபர் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். முகமே நினைவில் இல்லாத என் நைனா, எங்கோ காட்டில் துப்பாக்கியோடு நின்றுகொண்டு என் படிப்பை நினைத்தார். பின்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தனியே உட்கார வைத்த நாள்களிலும் நான் தலை குனியவில்லை. எனக்கு அப்பாவின் ஆணை இருந்தது.

இனி அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சேரியின் எல்லையில் வீரன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு சிறிய மேடை, அதன் பின்னால் ஒரு சுவர். ஒரு ஆடி மாதம், திருவிழாவுக்கு முன் அந்தச் சுவரில் வீரனை எழுதும்படி சேரித் தலைவர் நாட்டார் இவரிடம் சொன்னார். பெரிய மீசை, உருட்டிய கண், கையில் அரிவாள் என்று எல்லாருக்கும் தெரிந்த உருவம்தான். இவர் ஓலைத் தட்டி கட்டி மறைத்துக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தார். தட்டியை எடுத்தபோது சுவரில் மீசையும் இல்லை, அரிவாளும் இல்லை. விடியற்காலைப் பனி. ஒரு மரம். அதன் கீழே வரிசையாகப் பீப்பாய்கள். அவற்றின் பக்கத்தில் ஒரு சிப்பாய், தோளில் துப்பாக்கியோடு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். சுண்ணாம்பும் காவியும் விளக்குக் கரியும்தான் வண்ணம். ஆனால் அந்த முதுகில் குளிர் தெரிந்தது. வெகு நேரம் நின்ற களைப்பும் தெரிந்தது. இடது தோள் மட்டும் சற்றுச் சரிந்திருந்தது.

நாட்டார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். "இன்னாய்யா இது? சாமி முதுகக் காட்டினு நின்னா எங்க போயி கும்புடறது? கண்ணு எங்க? கண்ணு தொறக்காம பூசை ஏது?"

உருவம் எழுதுகிறவர் கண்மணியைக் கடைசியில்தான் வைப்பார். அன்றைக்குப் பட்டினி இருந்து, எதிரில் கண்ணாடி பிடித்து வைப்பார். அதற்குப் பிறகுதான் அது சாமி. கண் திறக்காதது வெறும் சுவர்.

"அவன் திரும்பல" என்றார் இவர்.

சண்டை முற்றியிருக்கும். அந்த மீன்காரம்மாள்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குறுக்கே வந்தாள்.

"யோவ் நாட்டாரே, காவக்காரன் ஊரைப் பாத்து நின்னா திருடன யாரு பாப்பாங்க? உன் மூஞ்சிய பாத்துகினு நிக்கறதுக்கா அவன வெக்கிற? வெளிய பாத்து நிக்கிறான். அதான் சரி."

கூட்டம் சிரித்துவிட்டது. நாட்டாரும் சிரித்துவிட்டார். அந்த வருஷம் முதுகுக்கே கற்பூரம் காட்டினார்கள். சவுக்குத் தோப்புக் காவல்காரர்கள் வந்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். யாரோ சிப்பாயின் பூட்சுக்கு அடியில் சுருட்டும் சாராயமும் படைத்தார்கள். இவர் வந்து இரண்டையும் எடுத்துத் தூரப் போட்டார். "டூட்டில கீறவனுக்கு சுருட்டு குடுக்கறீங்களே, அவன மாட்டி வெக்கவா?" என்று கோபித்துக்கொண்டார்.

அம்மா எல்லாரும் கலைந்த பிறகு வந்தாள். சுவரின் முன்னால் வெகு நேரம் நின்றாள். ஏற்றம் இறைத்தும் காவடியில் தண்ணீர் சுமந்தும் சரிந்த இடது தோளை அவளுக்குத் தெரியாதா?

"அண்ணே" என்றாள். "அவருதானே?"

"ஆமாம்மா."

"நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று முதல் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே விளக்கு வைத்தாள். மற்றவர்களுக்கு அது சாமி. அவளுக்கு அது அத்தாட்சி.

ஐப்பசி மழையில் ஓவியம் கரைந்துவிடும். மறு ஆடிக்கு அவர் மறுபடியும் எழுதுவார். அதே மரம், அதே பீப்பாய், அதே முதுகு. முதல் வருஷம் சிப்பாய் ஒரு முழ உயரம் இருந்தான். அடுத்த வருஷம் சற்றுப் பெரிதாக இருந்தான். நான்காம் வருஷம் ஆளுயரம். ஐந்தாம் வருஷம் மரமும் பீப்பாய்களும் ஓரத்துக்குப் போய்விட, சுவர் முழுவதும் அந்த முதுகுதான். சட்டையின் தையல் பிரிந்த இடமும் கழுத்தில் வடிந்த வியர்வையும் தெரிந்தன. கையை நீட்டித் தோளைத் தொட்டுத் திருப்பிவிடலாம் போலிருந்தது. ஏன் இப்படி வளர்த்துக்கொண்டே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சாமி வளர்கிறது என்றார்கள்.

மகாபலிபுரத்துக்குப் படகில் பெயர் எழுதப் போகும்போது சில சமயம் நானும் கூடப் போவேன். வேலை முடிந்ததும் பாறைக் குகைகளுக்கு அழைத்துப் போவார். உள்ளே இருக்கும் தெய்வங்களை அவர் பார்க்கமாட்டார். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் நிற்கிற காவல்காரர்களைத்தான் பார்ப்பார்.

"ஒத்த கால் மேல பாரத்தப் போட்டுகினு நிக்கிறான் பாரு. ரொம்ப நேரமா நிக்கிறவன் அப்படித்தான் நிப்பான். செதுக்கினவன் பாத்துட்டுதான் செதுக்கிகீறான்." பிறகு அந்தக் கல் முகத்தை அண்ணாந்து பார்த்து, என்னிடம் கேட்காததுபோல் கேட்பார். "எத்தினி வருசமாச்சோ. இவனுங்களுக்கு மாத்து வரவே இல்லியே பாப்பா."

நான் எட்டாம் வகுப்பு தேறி, செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த வருஷம். சுவர் முழுவதும் முதுகு இருந்த வருஷமும் அதுதான். எனக்கு அப்போது எதையும் எழுதியே சாதித்துவிடலாம் என்ற தைரியம். நைனாவுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துப் பட்டாளத்து ஆபீசுக்கு மனு எழுதினேன். கடைசியாகப் பார்த்த சாட்சி என்று அவர் பெயரைப் போட்டேன். எழுதத் தெரியாதவரிடம் ரேகை வாங்கினால், 'படித்துக் காட்டி வாங்கப்பட்டது' என்று கீழே எழுத வேண்டும். நான் பொய்யாக எழுத மாட்டேன்.

கோயில் மேடையில் அவர் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். அம்மா அறுப்புக்குப் போயிருந்தாள்.

"மாமா, எழுந்து போவக் கூடாது. நைனாவுக்காக எழுதிகீறேன். நான் படிக்கிறேன், நீங்க கேட்டுட்டு ரேகை வெய்யிங்க."

நைனாவின் பெயரைக் கேட்டதும் எழப்போனவர் உட்கார்ந்துவிட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் உரக்கப் படித்தேன். 'மேற்படி சாட்சி கடைசியாகப் பார்த்தபோது என் தந்தை நின்றுகொண்டிருந்தார். நான் கல்வி பெற வேண்டும் என்று இவர் மூலம் சொல்லி அனுப்பினார்' என்ற இடம் வந்தது. அவர் கை மட்டையோடு அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்து பாப்பா."

நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார்.

"கடுதாசி வந்துது. உங்கம்மா அனுப்பினது. எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. ஒரு கிளார்க்கு கீறான், காலைல டீ குடிச்சிட்டு எல்லாருக்கும் வரிசையா படிச்சுக் காட்டுவான். உங்க நைனா ஆறு மணிக்கு பெட்ரோல் பீப்பா காவலுக்குப் போனான். எட்டு மணிக்கு நான் போயி மாத்தணும். 'வர்றப்போ கடுதாசில இன்னா கீதுன்னு கேட்டுகினு வாடா'ன்னான். போயி நின்னேன். எனக்கு முன்னால ஆறு பேரு."

மட்டையைத் தண்ணீரில் வைத்தார்.

"எட்டு அடிச்சுது. எனக்கு முன்னால இன்னும் ரெண்டு பேரு. போயிருக்கணும். வெறுங்கையா போயி, படிக்கலடான்னு எப்படிச் சொல்றதுன்னு நின்னுட்டேன். படிச்சான். 'பாப்பாவுக்கு வயசு ஆவுது, பள்ளிக்கூடத்துல சேத்துக்கறாங்களாம், சேக்கவா வாணாமா, பதில் போடுங்க.' அதான் கீது. சிரிச்சுகினே ஓடினேன். திருப்பத்துல வந்தா அவன் தெரியறான். இங்கேர்ந்து அந்தப் புளிய மரம் தூரம். முதுகு. கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன். பிளேனு வந்துட்ச்சு."

அந்தப் புளிய மரத்தை நான் பார்த்தேன். நான் படிக்கும்போதெல்லாம் அவர் போய் நின்ற இடம் அது.

"எலும்பு பொறுக்கறதுக்குக்கூட ஒண்ணுமில்ல பாப்பா. அத்தினி பீப்பா. அப்புறம் துரை கேட்டாரு, யாருனா பாத்தீங்களான்னு. மாத்து லேட்டுன்னா என்ன உள்ள வெச்சுடுவாங்க. பாக்கலன்னுட்டேன். அதான் காணோம்னு காயிதம் வந்துது."

மனுவை மடியில் வைத்தேன். நைனாவின் சாவைப் பற்றித்தான் முதலில் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் கேட்டது இதுதான்:

"அப்போ என்னப் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொன்னது?"

"நான்தான். அவன் காதுல அந்தக் கேள்வியே வுழல."

"நைனா கேட்டிருந்தா சேக்கச் சொல்லியிருப்பாரு, இல்ல மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏழு வயதானபோது சொன்ன பொய்யை இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியாது பாப்பா" என்றார்.

பிறகு எழுந்தார். நான் நினைவு தெரிந்து பார்க்காத விதமாக, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார். மீன் கூடையை ஒப்படைத்த அதே குரலில் சொன்னார்.

"உங்கம்மா ஒரு ஆளு. நெத்தில பொட்டு கீது, கழுத்துல தாலி கீது. அவங்களுக்குத் தெரியாது. இத்தினி வருசம் நான் பாத்துகினு இருந்தேன். இப்போ உனக்குத் தெரியும். சப் டீக்."

மறுநாள் அவர் குடிசையில் இல்லை. மட்டைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். செங்கல்பட்டு ரயிலடியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். செய்யூர்ப் பக்கம் தோப்புக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஒரு கல்லை விட்டுக்கூட நகராத மனிதர் எப்படி ஊரை விட்டுப் போனார் என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. மாத்து வந்துவிட்டது.

மனுவை நான் அனுப்பவில்லை. இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. புதிதாகச் சேர வரும் பெண்களை யார் அனுப்பினார்கள் என்று எழுதப் பதிவேட்டில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது என் பேனா சற்று நிற்கும். அவர் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் இதில் எழுதாமல் விட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில்தான் இதையே எழுதுகிறேன்.

அந்த வருஷத்து மழை, சுவரைக் கழுவிவிட்டது. ஆடி வந்தது. அம்மா பொறுத்துப் பார்த்தாள்.

"அண்ணன் வரல. சுவரு வெறுமனே கீது. நான் விளக்க எங்கடி வெக்கறது? நீதான் படிச்சவளாச்சே, நீ போடேன்."

"எழுதப் படிச்சா படம் போட வந்துடுமா?"

"உனக்கு வரும். உங்க நைனா படிக்க வெச்ச புள்ள நீ."

அவர் விட்டுப்போன மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பு கரைத்தேன், காவி கரைத்தேன், விளக்குக் கரியைக் குழைத்தேன். மரம் ஒருவாறு வந்தது. பீப்பாய் வந்தது. சிப்பாயை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வெகு நேரம் நின்றேன். அவர் ஒவ்வொரு வருஷமும் அடி அடியாக நடந்துபோய்ச் சேர்ந்த இடத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிறுத்த எனக்குத் துணிவு இல்லை. பீப்பாய்களுக்கு அப்பால், பனிக்குள், ஒரு சாண் உயரத்தில் எழுதினேன். முதுகுதான். இடது தோளைச் சரித்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, விளக்கோடு வந்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாந்தூரம் பூட்டாரு?"

"தூரந்தாம்மா" என்றேன். "ஆனா நின்னுகினுதான் கீறாரு."